மூன்று வயதும் ஆறு வயதும் கூட வர, லண்டனில் ஆறு நாள்

மே கடைசியில் ஆறு நாள் லண்டன், கூட ஆறு வயதுப் பையனும் மூன்று வயதுப் பெண்ணும், கையில் பதினான்கு இடங்கள் உள்ள பட்டியல், எதை எந்த நாளில் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வரிசை சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் பட்டியலில் பாதியை அடித்துவிடலாம்.

சின்னப் பிள்ளைகளோடு சுற்றுவதற்கு லண்டன் நல்ல ஊர். அதற்கு முதல் காரணம் அங்குள்ள பெரிய மியூசியங்கள். 2001 டிசம்பரிலிருந்து தேசிய மியூசியங்கள் எல்லாவற்றுக்கும் பொது நுழைவு இலவசம். மிச்சமாகும் பணத்துக்காக இதைச் சொல்லவில்லை. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்துவிட்டால் நமக்கு ஒரு பிடிவாதம் வந்துவிடும், இவ்வளவு கொடுத்தாச்சு, முழுசாகப் பார்க்காமல் வெளியே வரக் கூடாது என்று. பிள்ளை தரையில் உட்கார்ந்து அழும், நாம் 'இன்னும் ரெண்டே ரெண்டு ரூம்தான் கண்ணா' என்று கெஞ்சிக்கொண்டிருப்போம். இலவசமான இடத்தில் ஒன்றிரண்டு பொருளைப் பார்த்துவிட்டு முக்கால் மணி நேரத்தில் மனக்குறை இல்லாமல் கிளம்பலாம், பிடித்திருந்தால் மறுநாளும் போகலாம். அதனால் என் கணக்கு, காசு கொடுத்து நுழையும் இடம் ஆறு நாளைக்கும் சேர்த்து இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. ஒரு நாளைக்குப் பெரிய இடம் ஒன்றே ஒன்று, அதுவும் காலையில்.

முதலில் வெட்ட வேண்டியவை. மெழுகுச் சிலைகள் உள்ள மேடம் துஸாட்ஸ்: அங்கே நிற்பவர்கள் யார் என்றே மூன்று வயதுக்குத் தெரியாது, ஆறு வயதுக்கும் பாதிப் பேரைத் தெரியாது. செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் உச்சிக்கு ஏறுவது: 528 படி, கடைசி இருநூறு படி பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஏறப்போவது நீங்கள்தான். லண்டன் ஐ ராட்டினத்தை விட மனசு வராது என்று தெரியும். ஒரு சுற்று அரை மணி நேரம், மெதுவாகத்தான் நகரும், ஊரே தெரியாத குழந்தைக்கு மேலிருந்து ஊரைக் காட்டி என்ன ஆகப்போகிறது? கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். பக்கிங்ஹாம் அரண்மனையின் காவலர் மாற்றத்தைத் தயங்காமல் அடித்துவிடுங்கள். பதினோரு மணிக்கு நடப்பதற்குப் பத்து மணியிலிருந்தே கம்பி ஓரமாக இடம் பிடித்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் பார்ப்பது முன்னால் நிற்பவர்களின் முதுகைத்தான்.

அதற்குப் பதிலாக, நடந்தே போகும் தூரத்தில் வொயிட்ஹால் சாலையில் ஹார்ஸ் கார்ட்ஸ் இருக்கிறது. காலை பத்திலிருந்து மாலை நாலு வரை வாசலின் இரண்டு பக்கமும் குதிரை மேல் வீரர்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள், குதிரை உதைக்கும், கடிக்கும் என்ற எச்சரிக்கைப் பலகை பக்கத்திலேயே இருக்கும். பலகையைப் பையனை விட்டு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள், அரண்மனையை விட அது மனதில் நிற்கும். காவலர் மாற்றம் இங்கேயும் உண்டு, பதினோரு மணிக்கு, ஞாயிறு மட்டும் பத்து மணிக்கு. கூட்டம் ரொம்பக் குறைவு. மாலை நாலு மணிக்குச் சின்னதாக ஒரு அணிவகுப்புச் சோதனையும் நடக்கும்: 1894-ல் விக்டோரியா ராணி வந்தபோது காவலர்கள் வேலை நேரத்தில் குடித்துச் சூதாடிக்கொண்டிருந்தார்களாம், நூறு வருஷத்துக்குத் தினமும் நாலு மணிக்குச் சோதனை என்று ராணி தண்டனை போட்டதாகக் கதை. நூறு வருஷம் முடிந்தும் விடவில்லை.

ஹார்ஸ் கார்ட்ஸுக்குப் பின்னாலேயே செயின்ட் ஜேம்ஸ் பார்க். அங்கே கூழைக்கடாக்கள் இருக்கின்றன, 1664-ல் ரஷ்யத் தூதர் மன்னருக்குப் பரிசாகக் கொடுத்ததிலிருந்து அந்தப் பூங்காவில் கூழைக்கடா வளர்க்கும் வழக்கம். மதியம் இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் மீன் போடுவார்கள். ஒரு முழு மீனை அது அலகுப் பையில் வாரிக்கொண்டு கழுத்தை நிமிர்த்தி விழுங்கும்போது உங்கள் பெண் கத்தும் கத்தலில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். குதிரை, வாத்து, கூழைக்கடா, புல்வெளியில் சாப்பாடு என்று ஒரு நாள் முழுக்கச் செலவில்லாமல் போய்விடும். வந்து இறங்கிய மறுநாளுக்கு இதைத்தான் வைப்பேன், ஏனென்றால் அன்றைக்கு யாருக்கும் தலை நிற்காது.

தலை நிற்காது என்றேனே, அந்தத் தூக்கக் கணக்கைப் பார்த்துவிடலாம். மே மாதத்தில் லண்டன் இந்தியாவை விட நாலரை மணி நேரம் பின்னால். நம்மூரில் எட்டு மணிக்கு எழும் பிள்ளை அங்கே விடிகாலை மூன்றரைக்கு எழுந்து உட்காரும். ஐந்து மணிக்குள் வெளிச்சமும் வந்துவிடும், எனவே திரும்பத் தூங்க வைக்கப் போராடாதீர்கள். ஹைட் பார்க் ஐந்து மணிக்கே திறந்துவிடும், ஆறு மணிக்கு ஏரிக்கரையில் நாலு ஓட்டக்காரர்களையும் வாத்துகளையும் தவிர ஆளே இருக்காது, அங்கே ஓடவிட்டுக் களைக்க வையுங்கள். மாலையில் இதற்கு நேர்மாறு. வெளியே ஒன்பது மணி வரை பகல் மாதிரி இருக்கும், பிள்ளைகளுக்கு ஐந்தரைக்கே கண் சொக்கும். முதல் மூன்று நாள் மாலைக்கு டிக்கெட் எதுவும் வாங்க வேண்டாம். அறையில் கெட்டித் திரை இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

தங்கும் இடத்தைப் பார்வை இடங்களுக்குப் பக்கமாகத் தேடாமல், பூங்காவுக்கும் லிஃப்ட் உள்ள ரயில் நிலையத்துக்கும் பக்கமாகத் தேடுங்கள். டியூப் என்கிற சுரங்க ரயிலின் நிலையங்களில் மூன்றில் ஒரு பங்கில்தான் படி ஏறாமல் நடைமேடைக்குப் போக முடியும். ஸ்ட்ரோலரின் முன்சக்கரத்தை ஒருவரும் பின்பிடியை ஒருவரும் தூக்கிக்கொண்டு, பையன் எங்கே என்று மூன்றாவது கையால் துழாவும் அனுபவம் ஒரு நாளில் சலித்துவிடும். 2022-ல் திறந்த எலிசபெத் லைன் ரயில் பாதை இதில் தனி, அதன் எல்லா நிலையங்களிலும் தெருவிலிருந்து நடைமேடை வரை படி இல்லாமல் போகலாம். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நேராக பேடிங்டன் வரும், அங்கிருந்து கென்சிங்டன் கார்டன்ஸும் ஹைட் பார்க்கும் நடை தூரம். அதனால் உங்களுக்கு பேடிங்டன் பக்கம்தான் என் சிபாரிசு. ஒரு எச்சரிக்கை, அந்தப் பக்கத்துச் சின்ன ஹோட்டல்கள் பல பழைய வீடுகளை மாற்றியவை, லிஃப்ட் இருக்காது, மூன்றாம் மாடி என்பது அங்கே நிஜமாகவே நாலாவது தளம். லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள். அடுப்பும் துணி துவைக்கும் மெஷினும் உள்ள அபார்ட்மென்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு நாளைக்கு ஒரு முறை சோறு வடித்துக் கொடுத்தால் அழுகை பாதி குறையும், ட்ரஸும் பாதி கொண்டுபோனால் போதும்.

போக்குவரத்தில் உங்களுக்குச் செலவு பெரியவர்கள் இருவருக்கு மட்டும்தான். 11 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு பஸ் இலவசம், டியூபிலும் காசு கொடுத்த பெரியவரோடு வந்தால் இலவசம், அட்டை எதுவும் வாங்க வேண்டாம். நிலையத்தில் அகலமான கதவாகப் பார்த்து, தட்டினாலே காசு போகும் உங்கள் வங்கி அட்டையைத் தட்டி, பிள்ளையை முன்னால் விட்டு ஒன்றாக நுழையுங்கள். பெரியவர்கள் ஆளுக்கு ஒரு அட்டை வைத்திருக்க வேண்டும். காலையில் தட்டிய அதே அட்டையையோ போனையோதான் நாள் முழுக்கத் தட்ட வேண்டும், மாற்றி மாற்றித் தட்டினால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்புக் கணக்கு உடைந்து கூடுதலாகப் போகும். பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதே இல்லை. முதல் பஸ்ஸில் தட்டி ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் ஏறினால் மறுபடி காசு கிடையாது.

பிள்ளைகளோடு இருக்கும்போது டியூபை விட பஸ்ஸே மேல், மெதுவாகப் போனாலும் சரி. மாடி பஸ்ஸின் மேல்தளத்தில் முன்கண்ணாடியை ஒட்டிய இருக்கைதான் ஆறு வயதுப் பையனுக்கு லண்டன். 15-ம் எண் பஸ் ட்ரஃபால்கர் சதுக்கத்துப் பக்கம் புறப்பட்டு செயின்ட் பால்ஸ் வழியாக டவர் ஆஃப் லண்டன் கோட்டைக்குப் போகும், புறப்படும் நிறுத்தத்திலேயே ஏறினால் முன் இருக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். சுற்றுலா பஸ் என்று தனியாகக் காசு வாங்குவது ஏறக்குறைய இதே தெருக்களுக்குத்தான். ஸ்ட்ரோலரை மடக்காமல் கீழ்த்தளத்தில் நிறுத்தலாம், ஆனால் அது சக்கர நாற்காலிக்கான இடம், நாற்காலியில் ஒருவர் வந்தால் மடக்கித்தான் ஆக வேண்டும். எனவே ஒரு கையால் மடக்கக்கூடிய லேசான ஸ்ட்ரோலரைக் கொண்டுபோங்கள். மூன்று வயதுக்கு ஸ்ட்ரோலர் தேவையா என்று யோசிப்பீர்கள். தேவை. வீட்டில் நன்றாக நடக்கும் பிள்ளை அங்கே மதியத்துக்கு மேல் நடக்காது.

இனி மியூசியம். நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துக்கு இலவச நேர டிக்கெட்டை இணையத்தில் இப்போதே எடுத்து வையுங்கள், காலை பத்து மணிக்கே எடுங்கள், ஏனென்றால் மே கடைசித் திங்கள் பொது விடுமுறை, வழக்கமாக அந்த வாரமே பள்ளிகளுக்கும் விடுமுறை, இங்கிலாந்துக் குடும்பங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். நடுமண்டபத்தில் கூரையிலிருந்து தொங்கும் நீலத் திமிங்கல எலும்புக்கூடு 25 மீட்டருக்கு மேல் நீளம், ஹோப் என்று பெயர், வாயைத் திறந்தபடி பாய்வது போல் மாட்டியிருக்கிறார்கள். அந்தத் தாடைக்கு நேர் கீழே பிள்ளைகளை நிறுத்தி நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் டைனோசர் பகுதி. உள்ளே இருட்டு, அசைந்து உறுமும் டி ரெக்ஸ் ஒன்று இருக்கிறது, பையன் குதிப்பான், பெண் பயப்படலாம், அதனால் அந்த இடம் வருமுன்னே அவளைத் தூக்கிக்கொள்ளுங்கள். இவ்வளவுதான், வெளியே வந்துவிடுங்கள். 2024-ல் புதுப்பித்த தோட்டம் வாசலிலேயே இருக்கிறது, அதில் வெண்கலத்தில் செய்த டிப்ளோடோகஸ் நிற்கிறது, சுற்றி ஓடலாம். பக்கத்துக் கட்டடம்தான் சயின்ஸ் மியூசியம், மழை பெய்தால் மட்டும் அங்கே ஒதுங்குங்கள், ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம் என்று பயணத் திட்டங்களில் போட்டிருப்பதை நம்பாதீர்கள்.

பிரிட்டிஷ் மியூசியம் இந்த வயதுக்குச் சரிப்படாது என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அசீரியப் பகுதியில் (இன்றைய ஈராக் பக்கத்துப் பழைய ராஜ்ஜியம்) நிம்ருத் அரண்மனை வாசலில் இருந்த சிறகு முளைத்த சிங்கங்கள் நிற்கின்றன, மனிதத் தலை, ஆளை விட எவ்வளவோ உயரம். அதற்கு எத்தனை கால் என்று பையனை எண்ணச் சொல்லுங்கள். முன்னால் நின்றால் இரண்டு கால், அசையாமல் நிற்கும். பக்கவாட்டில் போனால் நாலு கால், நடக்கும். மொத்தம் ஐந்து! எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் குறையில்லாமல் தெரிய வேண்டும் என்று சிற்பி ஒரு காலைக் கூட்டிச் செதுக்கியிருக்கிறார். மறுபடி எண்ணுவான், சுற்றி வந்து எண்ணுவான், பத்து நிமிடம் அங்கேயே போகும். மம்மி பார்க்க வேண்டும் என்று பையன் ஏற்கெனவே கேட்டிருந்தால் மாடிக்குக் கூட்டிப்போங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள், இரவில் யார் கூடப் படுப்பது என்ற சண்டை மிச்சம்.

அங்கிருந்து கால் மணி நேர நடையில் கோரம்ஸ் ஃபீல்ட்ஸ். 18-ம் நூற்றாண்டில் தாமஸ் கோரம் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகத் தொடங்கிய இல்லம் இருந்த இடம், இப்போது ஏழு ஏக்கர் விளையாட்டுத் திடல். மணல், தண்ணீர் விளையாட்டு, ஊஞ்சல் எல்லாம் உண்டு. கூடக் குழந்தை இல்லாத பெரியவர்களுக்கு அனுமதி இல்லை என்பது அங்கே விதி, வாசலில் பலகையே வைத்திருக்கிறார்கள். 'உன்னால்தான் அப்பாவையும் அம்மாவையும் உள்ளே விடுகிறார்கள்' என்று சொல்லிப் பாருங்கள், முகத்தில் என்ன பெருமை வரும் என்று. சாப்பாட்டுக்கு யூஸ்டன் பக்கம் ட்ரம்மண்ட் தெருவில் தென்னிந்திய சைவ ஹோட்டல்கள் இருக்கின்றன, தோசை கிடைக்கும்.

நான் சொல்லும் இடங்களில் உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று யங் வி அண்ட் ஏ மியூசியம். பெத்னல் கிரீனில் இருக்கிறது, சென்ட்ரல் லைன் நிலையத்தை ஒட்டியே. பழைய குழந்தைப் பருவ மியூசியத்தைப் பிள்ளைகளுக்கென்றே மாற்றி 2023-ல் திறந்தார்கள், இலவசம், தொடாதே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு நாளாவது மழை வராமல் இருக்காது, அந்த நாளுக்கு இதை ஒதுக்கி வையுங்கள்.

காசு கொடுக்கும் இரண்டு இடத்தில் ஒன்று டவர் ஆஃப் லண்டன். ஐந்து வயதுக்குக் கீழே இலவசம், எனவே மூன்று டிக்கெட் போதும். திறக்கும் நேரத்துக்கே போய், வழியில் எதையும் பார்க்காமல் நேராக அரச நகைகள் இருக்கும் கட்டடத்துக்குப் போங்கள், பதினோரு மணிக்கு மேல் அங்கே வரிசை நீளும். கிரீடங்களுக்கு முன்னால் நகரும் நடைபாதை போட்டிருக்கிறார்கள், பிள்ளைகளுக்குக் கிரீடத்தை விட அதுதான் பிடிக்கும். அப்புறம் அண்டங்காக்கைகள்: ஆறு காக்கைக்குக் குறைந்தால் ராஜ்ஜியம் விழுந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை, அதனால் எப்போதும் ஆறுக்குக் குறையாமல் வளர்க்கிறார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலையைப் பையனிடம் கொடுங்கள். நடுவில் இருக்கும் வொயிட் டவர் முழுக்கச் சுழல் படி, விடுங்கள். வெளியே வந்தால் டவர் பிரிட்ஜ். கப்பல் வரும்போது பாலம் இரண்டாகத் திறக்கும், வருஷத்துக்கு 800 தடவை போல. திறக்கும் நேரங்களை முன்கூட்டியே அதன் இணையதளத்தில் போடுகிறார்கள், அதைப் பார்த்துவிட்டு டவருக்கு எந்த நாள் என்று முடிவு செய்யுங்கள். இதற்கு டிக்கெட் வேண்டாம், கரையில் நின்று பார்க்கலாம்.

இன்னொன்று கோவென்ட் கார்டனில் உள்ள டிரான்ஸ்போர்ட் மியூசியம். பிள்ளைகளுக்கு இலவசம், பெரியவர் டிக்கெட் ஒரு வருஷத்துக்குச் செல்லும், அதனால் இங்கேயும் அவசரமே இல்லை, சாப்பிட வெளியே போய்விட்டுத் திரும்பி வரலாம். அந்த டியூப் நிலையத்தில் லிஃப்டுக்குக் கூட்டம் நிற்கிறதே என்று படி ஏறிவிடாதீர்கள், 193 படி.

இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த நாள் கிரீனிச். பேங்க் நிலையத்தில் டி.எல்.ஆர். (டாக்லாண்ட்ஸ் லைட் ரயில்வே) ரயில் ஏறுங்கள். 1987-ல் தொடங்கிய இதில் முன்னால் ஓட்டுநர் அறை கிடையாது, முன் இருக்கையில் உட்கார்ந்தால் ஓட்டுவது உங்கள் பையன்தான். கட்டடங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். கிரீனிச் வரை போகாமல் ஆற்றுக்கு இக்கரையிலேயே, ஐலண்ட் கார்டன்ஸில் இறங்கி, தேம்ஸுக்கு அடியில் போகும் நடைச் சுரங்கத்தில் நடந்து அக்கரைக்குப் போங்கள். 1902-ல் கட்டியது, 370 மீட்டர், வெள்ளை ஓடு பதித்த நீளமான குழாய், கூப்பிட்டால் எதிரொலிக்கும், நம் தலைக்கு மேல் இப்போது கப்பல் போகிறது என்று சொன்னால் இரண்டும் கூரையைப் பார்த்தபடியே நடக்கும். லிஃப்ட் ஓடுகிறதா என்று முன்னமே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சுழல் படி. ஏறி வெளியே வந்தால் எதிரிலேயே கட்டி சார்க் பாய்மரக் கப்பல்.

அங்கிருந்து பூங்கா வழியாகக் குன்றின் மேல் வானாய்வகத்துக்கு, பன்னிரண்டே முக்காலுக்குள் போய்விடுங்கள். கூரை மேல் கம்பத்தில் ஒரு சிவப்புப் பந்து இருக்கும். 12.55-க்குப் பாதி ஏறும், 12.58-க்கு உச்சிக்குப் போகும், சரியாக ஒரு மணிக்கு விழும். ஆற்றில் நிற்கும் கப்பல்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ள 1833-ல் ஏற்படுத்தியது. பலத்த காற்று அடித்தால் இறக்க மாட்டார்கள். பூஜ்ய தீர்க்கரேகைக் கோட்டில் இரண்டு பக்கமும் கால் வைத்துப் படம் எடுப்பதற்கு டிக்கெட்டும் வரிசையும் உண்டு, பெரியவர்களின் ஆசை அது, தள்ளிவிடலாம். திரும்பும்போது ஆற்றுப் படகில் வாருங்கள், டவர் பிரிட்ஜுக்கு அடியில் புகுந்து வரும், பெண் அநேகமாக மடியில் தூங்கிவிடுவாள்.

கழிப்பறை விஷயம்: டியூப் நிலையங்கள் பலவற்றில் கிடையாது. மியூசியத்தை விட்டுக் கிளம்பும்போது வருகிறதோ இல்லையோ இருவரையும் கூட்டிப்போய்விடுங்கள். பெரிய ரயில் நிலையங்களில் இலவசமாகவே உண்டு. ஒரு செட் மாற்று உடை எப்போதும் பையில் இருக்கட்டும், கிங்ஸ் கிராஸ் பக்கம் கிரானரி சதுக்கத்தில் தரையிலிருந்து ஆயிரம் நீர்த்தாரை பீறிடுவதைப் பார்த்த பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது.

ரொம்பக் களைத்துவிட்டால் கறுப்பு டாக்ஸியைக் கை காட்டி நிறுத்துங்கள். அவை எல்லாவற்றிலும் சக்கர நாற்காலி ஏறும் வசதி உண்டு, தூங்கும் பிள்ளையை எழுப்பாமல் ஸ்ட்ரோலரோடு உள்ளே ஏற்றி, அதற்கப்புறம் தூக்கி மடியிலோ இருக்கையிலோ வைக்கலாம். டாக்ஸியில் குழந்தை இருக்கை இல்லாவிட்டாலும் சட்டப்படி பின்னிருக்கையில் போகலாம், மூன்று வயது ஆனவர்கள் பெல்ட் போட வேண்டும்.

கடைசியாக, தொலைந்துபோகும் விஷயம். தினமும் காலை கிளம்பும்போது இருவரையும் அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், கையில் அங்கே வேலை செய்யும் போன் நம்பரைப் பேனாவால் எழுதுங்கள். டியூப் கதவு மூடி, ஒருவர் உள்ளே ஒருவர் வெளியே என்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பையனோடு முதல் நாளே பேசிவிடுங்கள்: அவன் நடைமேடையில் நின்றுவிட்டால் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது, நாம் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வருவோம். அவன் ரயிலுக்குள் மாட்டிக்கொண்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், நாம் அடுத்த ரயிலில் வருவோம். நடைமேடையில் உதவிக்கான பொத்தான் உள்ள பெட்டி இருக்கும், அது எப்படி இருக்கும் என்று காட்டிக்கொடுங்கள். அவசரத்துக்கு 999, காய்ச்சல், வாந்தி போன்றவற்றுக்கு என்ன செய்வது என்று கேட்க 111. மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, உள்ளே சேர்த்தால் வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு, எனவே பயணக் காப்பீட்டில் பிள்ளைகள் பெயரும் இருக்கிறதா என்று கிளம்புமுன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.